மும்பையில் 'காலனி'

உழவர்களும் ஓய்வுபெற்ற படைவீரர்களும் குடியமர்த்தப்பட்ட நிலத்தைக் குறித்த 'கொலோனியா' என்னும் இலத்தீன் சொல், ஆங்கிலத்தில் 'காலனி'யாகிக் குடியேற்றத்தையும், பேரரசு ஆண்ட அயல்நாட்டையும், எறும்புக் கூட்டத்தையும்கூடக் குறிக்கலாயிற்று. பம்பாயில் அது அடைந்த ஏற்றமோ தனி. 1896இல் பிளேக் பரவியதை அடுத்து, நெரிசலைக் குறைக்க 1898இல் நிறுவப்பட்ட நகர மேம்பாட்டு அமைப்பு தாதர், மாட்டுங்கா நிலங்களை மனைகளாகப் பிரித்தபோது, அங்கே உருவான பார்சி காலனியும் இந்து காலனியும் மரநிழல் படர்ந்த தெருக்களுடன் நடுத்தர வகுப்பினர் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் முகவரிகளாயின. செம்பூரில் உரத்தொழிற்சாலை ஊழியர் குடியிருப்பும் காலனிதான்.

தமிழ்நாட்டிலோ 'ஊர்' என்பது ஆதிக்கச் சாதியினரின் தெருக்களையும், 'காலனி' என்பது ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்ட பட்டியல் சாதியினரின் குடியிருப்பையும் குறித்ததால், அச்சொல்லே சாதியைக் கேட்டறியும் சூழ்ச்சியாயிற்று. அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார்.

திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வந்த தமிழர் பலர் வாழும் மும்பையின் தாராவியில் இவ்விரு பொருள்களும் அருகருகே நிற்கின்றன. 1985இல் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு ஒதுக்கிய 100 கோடி ரூபாயைக் கொண்ட பிரதமர் மானியத் திட்டத்தின்கீழ் (பி.எம்.ஜி.பி.) அங்கே எழுந்த அடுக்குமாடிகள் 'பி.எம்.ஜி.பி. காலனி' எனப்படுகின்றன; அப்பெயரைச் சொல்ல அங்கே எவரும் கூசுவதில்லை.