விருத்தசேதனமும் மருத்துவ நியாயங்களும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆண்குறியின் நுனித்தோலை அகற்றும் வழக்கத்தைக் கிறித்தவத் தமிழ் 'விருத்தசேதனம்' எனவும், முஸ்லிம் மக்களின் வழக்கு 'சுன்னத்து', 'கத்னா' எனவும் குறிக்கும். வழக்கம் மிகத் தொன்மையானது. எகிப்தின் சக்காராவிலுள்ள கல்லறையொன்றின் சுவரில், ஏறத்தாழ 4300 ஆண்டுகளுக்கு முன் செதுக்கப்பட்ட காட்சியொன்று இதனைச் சித்திரிக்கின்றது. யூதரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் இது சமயக் கடமை. அதன் நியாயம் மருத்துவத்தில் தங்கியிருக்கவில்லை. ஆதலின் அதனை நாம் ஈண்டு ஆராயப் புகவில்லை. சமயக் கடப்பாடு எதுவுமற்ற பெற்றோரிடம், 'சுகாதாரத்துக்கு நல்லது' எனக் கூறி, பிறந்து சில நாளேயான சிசுவுக்கு இச்சத்திரசிகிச்சையை வைத்தியர் பரிந்துரைக்கும் நிலை எவ்வாறு தோன்றிற்று என்பதே எமது வினா. இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து ஆங்கிலம் பேசும் நாடுகளில் உருவாகிய வேறொரு வரலாறாகும்.

1855இல் இலண்டன் வைத்தியர் யொனதன் ஹச்சின்சன், தமது வைத்தியசாலைக்கு வந்த யூதரிடையே மேகநோய் ஏனையோரிலும் குறைவாகக் காணப்பட்டதை எடுத்துக்காட்டி, அதற்கு விருத்தசேதனமே காரணம் என வாதித்தார். இரு சமூகத்தாரின் குடும்ப வாழ்க்கை, மண ஒழுக்கம், வதிவிடச் சூழல் ஆகிய வேறுபாடுகள் அக்கணக்கில் இடம்பெறவில்லை. 1870இல் நியூயோர்க்கின் புகழ்பெற்ற எலும்பியல் சத்திரசிகிச்சையாளர் லூயிஸ் சேயர், முழங்கால்கள் மடங்கி நடக்க இயலாதிருந்த ஐந்து வயதுச் சிறுவனுக்கு இச்சிகிச்சையைச் செய்தார். சிறுவன் தேறினான். பிறப்புறுப்பின் உறுத்தல் நரம்புகளின் வழியே உடலெங்கும் நோயை விளைவிக்கும் என்ற அக்காலக் கோட்பாட்டுக்கு இது சான்றாகக் கொள்ளப்பட்டது. பின்னர் வலிப்பு, இடுப்புமூட்டு நோய், மனநோய் எனப் பலவற்றுக்கும் இதுவே பரிகாரமாகப் பரிந்துரைக்கப்பட்டது. சேயர் ஒதுக்கத்தக்க போலி வைத்தியரல்லர். அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் தலைவராகவும் விளங்கியவர். பிழை தனிமனிதருடையதன்று, அக்காலத்து மருத்துவ அறிவின் பிழை என்பதே இதனாற் பெறப்படுவது.

இதனோடு விக்டோரியா காலத்து ஒழுக்கவியலும் கைகோத்தது. சுயஇன்பம் மூளையையும் முதுகந்தண்டையும் சிதைக்கும் கொடுநோய் எனக் கருதப்பட்டது. தானிய உணவால் இன்று அறியப்படும் வைத்தியர் ஜோன் ஹார்வி கெலொக், 1888இல் வெளிவந்த தமது நூற்பதிப்பில், சிறுவரின் இப்பழக்கத்தைத் தடுக்க விருத்தசேதனத்தை விதந்துரைத்ததோடு, உணர்வகற்றி மருந்தின்றியே அதனைச் செய்யவேண்டும் என்றும் எழுதினார். வேதனை தண்டனையாக மனத்திற் பதியவேண்டும் என்பது அவர் கருத்து. இதனை மருத்துவம் என்பதிலும் தண்டனை என்பதே பொருந்தும்.

நியாயங்கள் ஒவ்வொன்றாகக் காலாவதியாகியும் சத்திரசிகிச்சை நிலைத்தது ஏன்? இவ்விடத்தில் வர்க்கநிலை கவனிக்கத்தக்கது. வைத்தியரின் கையாற் பிள்ளை பெறுவதற்கு வசதியுள்ள குடும்பங்களிலேயே பிரித்தானியாவில் இவ்வழக்கம் முதலில் வேரூன்றிற்று. கேம்பிரிட்ஜின் குழந்தை வைத்தியர் டக்ளஸ் கெயர்ட்னர் 1949இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியிட்ட கட்டுரை இதற்குத் தக்க சான்று தருகின்றது. அவர் ஆராய்ந்த மாணவருள், பெயர்பெற்ற தனியார் உயர்குடிப் பாடசாலைகளிலிருந்து வந்தோரில் 84 சதவீதத்தினர் விருத்தசேதனம் செய்யப்பட்டிருந்தனர். ஏனைய பாடசாலைகளிலிருந்து வந்தோரில் இது 50 சதவீதமே. உடலியற் காரணம் எதுவும் இவ்வேறுபாட்டை விளக்காது.

கெயர்ட்னரின் கட்டுரையில் வேறிரு செய்திகளும் உள. பிறப்பின்போது நுனித்தோலைப் பின்னிழுக்க முடிவது நூற்றுக்கு நான்கு குழந்தைகளிலேயே; தோல் ஒட்டியிருப்பது இயற்கையான வளர்ச்சிநிலை, நோயன்று. டென்மார்க்கின் யாக்கொப் ஓஸ்டர் 1968இல் வெளியிட்ட ஆய்வு, தோல் பிரிந்து நெகிழ்வது பதின்பருவம் வரையும் தொடரலாம் எனக் காட்டிற்று. மற்றைய செய்தி துயரமானது: இங்கிலாந்திலும் வேல்சிலும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 16 சிறுவர் இச்சிகிச்சையின் விளைவாக இறந்தனர். 1948இல் தோன்றிய தேசிய சுகாதார சேவையில் நோய்க்காரணமற்ற விருத்தசேதனம் வழமையான சேவையாக நிலைபெறவில்லை. இவ்விரண்டும் சேர, ஒரு தலைமுறைக்குள் பிரித்தானியாவில் அது அருகிற்று.

ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்தது இதற்கு மாறானது. அங்கு மகப்பேறு வைத்தியசாலைக்கு இடம்பெயர, காப்புறுதி செலவை ஏற்க, விருத்தசேதனம் பிரசவத்தின் இயல்பான பகுதியாயிற்று. சிசுப் பருவத்தில் இதற்கு ஏற்புடைய மருத்துவக் காரணம் இல்லை என அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 1971இல் அறிவித்தது. ஆயினும் 1979இல் வைத்தியசாலைகளிற் பிறந்த ஆண்சிசுக்களுள் 64.5 சதவீதத்தினருக்கும், 2010இல் 58.3 சதவீதத்தினருக்கும் அது செய்யப்பட்டது. வறியோருக்கான அரச காப்புறுதி இதற்குப் பணம் வழங்கிய மாநிலங்களில், வழங்காத மாநிலங்களைவிட இவ்வீதம் 24 சதவீதப் புள்ளிகள் உயர்ந்திருந்ததாக 2009இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டிற்று. பெற்றோரின் 'தெரிவு' எனப்படுவதில் கட்டணத்தைச் செலுத்துவோர் யார் என்பதன் பங்கு சிறிதன்று.

ஆயினும் மருத்துவ நியாயங்கள் யாவும் பொய் என்று கூறிவிடுதல் எளிய வழி, அது நேர்மையன்று. விருத்தசேதனம் செய்யப்படாத சிசுக்களிற் சிறுநீர்த்தொற்று கூடுதலாக ஏற்படுவதை, 1985 முதல் தோமஸ் விஸ்வெல் வெளியிட்ட ஆய்வுகள் காட்டின. அவதானம் மெய், அதன் அளவு நோக்கத்தக்கது. இத்தொற்று ஆண்சிசுக்களில் நூற்றுக்கு ஏறத்தாழ ஒருவருக்கே உண்டாவது. 2005இல் வெளிவந்த தொகுப்பாய்வொன்றின் கணிப்பின்படி, ஒரு தொற்றைத் தடுக்க 111 சிசுக்களுக்குச் சத்திரசிகிச்சை செய்தல் வேண்டும். சிக்கல் விகிதத்தை இரண்டு சதவீதமாகக் கொண்டால், அந்த 111 பேருள் இருவருக்குக் குருதிப்பெருக்கோ புண்தொற்றோ நேரும்.

தென்னாபிரிக்கா, கென்யா, உகண்டா ஆகிய நாடுகளில் நடைபெற்று 2005இலும் 2007இலும் முடிவுகள் வெளியான பரிசோதனைகள், பெண்களுடனான உறவால் ஆண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பை விருத்தசேதனம் ஐம்பது முதல் அறுபது சதவீதம்வரை குறைப்பதை நிறுவின. உலக சுகாதார நிறுவனம் 2007இல் அந்நோய் பெரிதும் பரவிய நாடுகளுக்கு இதனைப் பரிந்துரைத்தது. அப்பரிசோதனைகளிற் பங்குகொண்டோர் சுயவிருப்புடன் முன்வந்த வளர்ந்த ஆண்கள். வளர்ந்தோரில் 0.1 சதவீதத்துக்கும் குறைவானோரிடமே இத்தொற்றுள்ள இலங்கை போன்ற நாட்டின் சிசுவுக்கு அம்முடிவை அப்படியே பொருத்துதல் இயலாது. அமெரிக்கக் கழகம் 2012இல், நன்மை தீமையிலும் மிகுதி எனினும் அனைவருக்கும் விதந்துரைக்குமளவு அன்று எனக் கூறி, முடிவைப் பெற்றோரிடமே விட்டது.

அம்முடிவை எடுப்போர் முதலில் வினவவேண்டியது வேதனை பற்றியதே. சிசு வலியை உணராது என்ற நம்பிக்கை எண்பதுகள் வரை மருத்துவத்தில் நிலவிற்று. ஆனந்த், ஹிக்கி ஆகியோரின் 1987ஆம் ஆண்டுக் கட்டுரை அதனைத் தகர்த்தது. உணர்வகற்றியின்றி விருத்தசேதனம் செய்யப்பட்ட சிசுக்கள், மாதங்கள் கழித்துத் தடுப்பூசி ஏற்றப்படும்போதும் ஏனையோரிலும் கூடுதலாக வேதனைப்படுவதை 1997இல் கனடிய ஆய்வாளர் காட்டினர்.

அடுத்தது குருதி. குடும்பத்திற் குருதியுறையாமை உண்டா என்பதைக் கேட்டறியாமற் கத்தியெடுத்தல் ஆகாது. இவ்வறிவு புதியதன்று. முதலிரு மகன்மார் விருத்தசேதனத்தால் இறந்திருப்பின் மூன்றாமவனுக்குச் செய்தலாகாது என்பது யூதரின் தல்மூத் விதி. பன்னிரண்டாம் நூற்றாண்டின் வைத்தியரும் சட்ட அறிஞருமான மைமொனிடீஸ், தந்தையர் வேறாயினும் தாய் ஒருத்தியாயின் விதி பொருந்தும் என்றார். நோய் தாய்வழியே கடத்தப்படுவது மரபியல் தோன்றுமுன்னரே அவதானிக்கப்பட்டிருந்தது. சமயத்தின் பெயரால் இதனைச் செய்தவர்கள் செய்யக்கூடாத இடத்தைக் கண்டுகொண்ட அளவுக்கு, விஞ்ஞானத்தின் பெயரால் செய்தவர்கள் பல காலம் கண்டுகொள்ளவில்லை.

சிறுநீர்த்துவாரம் குறியின் கீழ்ப்புறத்தே அமைந்து பிறந்த சிசுவுக்கும் இதனைத் தவிர்த்தல் வேண்டும். பின்னர் அதனைச் சீர்செய்ய அந்நுனித்தோலே பயன்படும். சற்று வளர்ந்த சிறுவனிடம் தோல் இறுக்கம் தொல்லை தருமாயின், ஸ்டெரொயிட் களிம்பு பெரும்பாலும் போதுமானது. சிறுநீர்த்தொற்றிலிருந்து கிடைக்கும் காப்பு முதலாண்டிலேயே பெரிது. பாலுறவால் வரும் நோய்களிலிருந்து கிடைக்கும் காப்போ பருவமெய்திய பின்னரே பயன்படுவது. அதனைப் பற்றி அவனே முடிவுசெய்ய அதற்கிடையிற் காலமுண்டு. காத்திருத்தல் பொருந்தாத சிலரும் உளர். சிறுநீர், பையிலிருந்து சிறுநீரகங்களை நோக்கிக் கடுமையாகப் பின்பாயும் குறைபாட்டுடன் பிறந்த சிசுவுக்கு மேற்கூறிய கணக்கு முற்றாக மாறிவிடும்: ஆங்கு ஒரு தொற்றைத் தடுக்கத் தேவைப்படும் சத்திரசிகிச்சைகள் 111 அல்ல, நான்கே.