நூறு கெஜ நிலம்

தொல்காப்பியர் புறத்திணையியலில் போரை அதன் நோக்கத்தைக் கொண்டே வகைப்படுத்துகிறார். மண்ணாசையால் படையெடுத்துச் செல்வது வஞ்சி. தன் ஆற்றலின் புகழ் ஒன்றையே பொருளாகக் கொண்டு பொருவது தும்பை. இந்தப் பகுப்பை வகுப்பில் விளக்கும்போதெல்லாம் 1912ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஒரு சிறு பள்ளி அணி ஆடிய கால்பந்துப் பருவம் எனக்கு நினைவுக்கு வருகிறது.

அமெரிக்கர்கள் கால்பந்து என்றழைக்கும் ஆட்டத்தில் காலுக்கு வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு எதிரணியின் எல்லை நோக்கி ஓட வேண்டும். நெய்வேலியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் ஆடப்படும் சடுகுடுவில், பாடிச் செல்பவன் எதிரியின் மண்ணைத் தொட்டுவிட்டுத் தன் மண்ணுக்குத் திரும்பிவிடுகிறான். அமெரிக்க ஆட்டத்தில் திரும்புதல் என்பதே கிடையாது. வீழ்த்தப்பட்ட இடத்திலிருந்து அடுத்த முன்னேற்றம் தொடங்குகிறது. நான்கு முயற்சிகளில் பத்து கெஜம் கடக்க வேண்டும் என்ற விதியும், நூறு கெஜ நீளக் களமும் 1912ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தன. அளந்து அளந்து நிலம் பிடிக்கும் விளையாட்டு இது. இலக்கணப்படி இதை வஞ்சி எனலாம்.

இதை ஆட வந்தவர்களோ நிலம் இழந்தவர்கள். பென்சில்வேனியா மாநிலத்தின் கார்லைல் நகரில், கைவிடப்பட்ட ராணுவக் குடியிருப்பு ஒன்றில், 1879ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி ஒரு தொழிற்பள்ளியைத் தொடங்கினார். செவ்விந்தியர் என்று நம் பாடநூல்கள் குறித்த தொல்குடியினரின் பிள்ளைகள் தொலைதூரங்களிலிருந்து ரயிலில் கொண்டுவரப்பட்டனர். அவர்களுடைய கூந்தல் வெட்டப்பட்டது, தாய்மொழி தடைசெய்யப்பட்டது. முதல் ஆண்டில் வந்த லகோட்டா சிறுவன் ஓட்டா க்டே, கரும்பலகையில் எழுதப்பட்டிருந்த, தன்னால் வாசிக்க முடியாத பெயர்களில் ஒன்றைக் கோலால் தொட்டுக் காட்டும்படி பணிக்கப்பட்டான். அன்று முதல் அவன் லூதர். பிற்காலத்தில் லூதர் ஸ்டாண்டிங் பேர் என்ற எழுத்தாளராகி இதைப் பதிவு செய்தவரும் அவரே. அப்பள்ளியின் இடுகாட்டில் 180க்கும் மேற்பட்ட கல்லறைகள் இருந்தன.

இந்தப் பள்ளியின் அணி ஹார்வர்ட் போன்ற பெரிய பல்கலைக்கழகங்களுடன் மோதியது. பெரும்பாலான ஆட்டங்கள் வெளியூர்களில்தான். பயிற்சியாளர் கிளென் வார்னர். தம் வீரர்கள் உடல் எடையில் குறைந்தவர்கள் என்பதால் வேகத்தையும் சூழ்ச்சியையும் அவர் நம்பினார். 1906ஆம் ஆண்டு பந்தை முன்னோக்கி எறிய அனுமதி கிடைத்தபோது அதைக் கலையாக வளர்த்தவர்களுள் கார்லைல் வீரர்கள் முதன்மையானவர்கள். 1911ஆம் ஆண்டு ஹார்வர்டை 18-15 என்று வென்றனர்.

1912ஆம் ஆண்டின் கோடையில் அணியின் ஜிம் தார்ப் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான், டெக்கத்லான் இரண்டிலும் தங்கம் வென்று திரும்பியிருந்தார். நவம்பர் 9 அன்று வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரியின் களத்தில் அணி இறங்கியது. எதிரே நின்றவர்கள் அமெரிக்கப் படையின் வருங்கால அதிகாரிகள். அதே படை உண்டட் நீ என்ற இடத்தில் லகோட்டா மக்களை, பெண்டிர் பிள்ளைகளோடு, கொன்று குவித்தது 1890ஆம் ஆண்டு டிசம்பரில். இடையில் கழிந்தவை 22 ஆண்டுகள்கூட இல்லை. இரு தரப்பிலும் அதை அறியாதவர் எவரும் இருந்திருக்க முடியாது.

கார்லைல் 27, ராணுவம் 6. அலெக்ஸ் அர்காசா மூன்று முறை எல்லைக்கோட்டைக் கடந்தார். தார்ப்பைத் தடுக்க முயன்று தோற்றவர்களுள் ஐசனோவர் என்ற இளைஞரும் ஒருவர்; அவரே 1953ஆம் ஆண்டு அந்நாட்டின் அதிபரானார். அடுத்த வாரமே பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் கார்லைல் 26-34 எனத் தோற்றது. எனினும் 14 ஆட்டங்களில் 12 வெற்றி, ஒரு சமன், ஒரு தோல்வி என்று பருவத்தை முடித்தது.

பிறகு நடந்தவை சுருக்கமானவை. தார்ப் முன்பு சிறு ஊதியத்துக்கு பேஸ்பால் ஆடியிருந்தார் என்று காரணம் காட்டி 1913ஆம் ஆண்டு அவருடைய ஒலிம்பிக் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. 1914ஆம் ஆண்டு நாடாளுமன்ற விசாரணையில் பள்ளி நிர்வாகத்தின் சீர்கேடுகளும் கால்பந்துப் பணத்தின் கணக்கும் கேள்விக்குள்ளாயின. 1918ஆம் ஆண்டு பள்ளி மூடப்பட்டது. 1953ஆம் ஆண்டு தார்ப் மறைந்தார். முழுமையான ஒலிம்பிக் வெற்றியாளர் என்ற தகுதி அவருக்கு மீண்டும் கிடைத்தது 2022ஆம் ஆண்டில்தான். இடுகாட்டுப் பிள்ளைகளின் எச்சங்கள் 2017 முதல் அவரவர் குலத்தாரிடம் திருப்பியளிக்கப்படுகின்றன.

அந்த வெற்றியால் ஓர் அடி நிலம்கூட அவர்களுக்குத் திரும்பவில்லை. நூறு கெஜக் களத்தில் பிடித்த மண்ணை ஆட்டம் முடிந்ததும் அங்கேயே விட்டுவிட்டுத்தான் ரயிலேறினார்கள். ஆகவேதான் வஞ்சி ஆட்டத்தை அவர்கள் தும்பையாக ஆடினார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. மண் பொருளல்ல என்றான பிறகு எஞ்சுவது, நாங்கள் இன்னாரென்று நின்று காட்டும் ஆற்றல் மட்டுமே. அவர்களை அவர்களல்லாதவர்களாக்கக் கட்டப்பட்ட பள்ளியின் பெயரிலேயே அதை நின்று காட்டினார்கள்.

நெய்வேலியில் வாழ்பவருக்கு இந்தக் கதை அத்தனை தொலைவில் இல்லை. இங்கே 1957ஆம் ஆண்டு சுரங்கப்பணி தொடங்கியது. மின்சாரம் வந்தது, வேலை வந்தது, நிழல்மரச் சாலைகளோடு ஒரு நகரம் வந்தது. அந்த நகரில்தான் நாம் வாழ்கிறோம். அதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் நம் வட்டங்களுக்கு எண்கள் உண்டு. நிலம் கொடுத்த ஊர்களுக்கோ பெயர்கள் இருந்தன. கார்லைலின் கொடுமையையும் நம் இழப்பையும் ஒரே தராசில் வைக்க நான் முற்படவில்லை. கரும்பலகையில் கோலை வைத்த சிறுவன் தன் பழைய பெயரை மறக்காமல் எழுதிவைத்தான் என்பதை மட்டும் சொல்கிறேன். நம் ஊர்ப்பெயர்களை அறிந்த முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதிவைக்க வேண்டியது நம் வேலை.