ஒழுகை, படகு, கூட்ஸ் வண்டி: ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு பார்வை

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் தமிழகத்தின் கடைசி நிலையம் ஆரம்பாக்கம். அடுத்த நிலையமான தடா ஆந்திரத்தைச் சேர்ந்தது. கிழக்கே பழவேற்காட்டு ஏரி விரிந்து கிடக்கிறது. மாணவர் சிலருடன் ஏரிக்கரைக் குப்பங்களைப் பார்த்துவிட்டு, ஊர் திரும்பும் வண்டிக்காக நாம் அந்நடைமேடையில் காத்திருந்த மாலையில், கூட்ஸ் வண்டி ஒன்று நிற்காமல் கடந்து சென்றது. மாணவர்கள் பெட்டிகளை எண்ணினார்கள்; ஐம்பத்தெட்டு. மீனவக் குடும்பத்து மாணவர் ஒருவர் மட்டும் எண்ணவில்லை. "ஐயா, இதுல எங்க ஊர்ச் சரக்கு ஏதாவது போகுமா?" என்று கேட்டார். அப்போது நம்மிடம் விடை இல்லை. பின்னர்த் தேடிப் படித்ததில் கிடைத்தவற்றை இங்கே தொகுக்கிறோம்.

நெய்தல் நிலத்துச் சரக்கு உள்நாடு சென்ற கதை மிகப் பழையது. உமணர்கள் உப்பை வண்டிகளில் ஏற்றிக் குடும்பத்தோடு ஊர் ஊராகச் சென்று நெல்லுக்கு மாற்றியதைச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. அவ்வண்டி வரிசைக்கு 'ஒழுகை' என்று பெயர். வழியில் அச்சு முறியுமோ என்று அஞ்சி, வண்டியின் அடியில் 'சேம அச்சு' ஒன்றைக் கட்டிச் சென்ற செய்தியும் புறநானூற்றில் உண்டு. ஒழுகை ஊர்தோறும் நின்றது. நின்றால்தான் அதற்கு வணிகம்.

வண்டிக்குப் பின் வந்தது படகு. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் நீளத்திற்கு வெட்டப்பட்ட கால்வாய், பின்னர்ப் பழவேற்காட்டு ஏரியைத் தொட்டு வடக்கே நீண்டது. தாது வருடப் பஞ்சத்தின்போது, 1877–78இல், நிவாரணப் பணியாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டது. 1878இல் அன்றைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்குச் சூட்டப்பட்டது. விறகும் உப்பும் அதன் வழியே சென்னைக்கு வந்தன. பாய் விரித்தும், கழி ஊன்றியும், கரையிலிருந்து கயிற்றால் இழுத்தும் படகுகளைச் செலுத்தினார்கள். படகும் கேட்ட துறையில் நின்றது.

1899இல் விசயவாடாவையும் சென்னையையும் இணைத்த இருப்புப்பாதை, இக்கால்வாய் ஓடிய கடலோர நிலப்பகுதி வழியாகவே வந்தது. கால்வாயின் வணிகம் படிப்படியாகத் தேய்ந்தது. 1965–66 காலத்துப் புயல் சேதங்களுக்குப் பின் அது மீளவே இல்லை எனலாம்.

புகைவண்டிக் காலத்தின் தொடக்கத்தில் கூட்ஸ் வண்டியும் ஒழுகையைப் போலவே இயங்கியது. சிறு நிலையங்களில் நின்று, ஒரு பெட்டியைக் கழற்றிவிட்டு, நிரம்பிய பெட்டியொன்றைக் கோத்துக்கொண்டு போகும் உள்ளூர் கூட்ஸ்கள் இருந்தன. அவை சேர்த்த பெட்டிகளைத் தண்டையார்பேட்டை, பிட்ரகுண்டா போன்ற பெரிய யார்டுகளில் பிரித்து, போகும் ஊருக்கேற்ப மீண்டும் கோப்பார்கள். ஒரு பெட்டிக்குக் குறைந்த சில்லறைச் சரக்கையும் பதிவு செய்ய முடிந்தது.

இவ்வியக்கத்தின் அடிப்படை விதி எளியது. இரு நிலையங்களுக்கு இடைப்பட்ட தடத்தில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அடுத்த நிலையம் 'லைன் கிளியர்' தந்த பின்பே வண்டியை அனுப்புவார்கள். வந்த வண்டி முழுமையாக வந்ததா என்பதற்குச் சான்று, கடைசிப் பெட்டியில் தொங்கும் 'எல்.வி.' பலகை, இரவில் சிவப்பு விளக்கு. அதைக் காணாவிடில் பின்னால் பெட்டிகள் கழன்று நிற்பதாகவே கொள்ள வேண்டும். தானியங்கிச் சைகை உள்ள தடங்களில் இந்த இடைவெளி சுருங்கியிருக்கிறது. விதியின் சாரம் மாறவில்லை.

இதை விளக்கியபோது அம்மாணவர், "எங்க பாடு மாதிரிதான்" என்றார். பழவேற்காட்டு மீனவரிடையே 'பாடு' என்றொரு முறை உண்டு. இறால் வரத்து மிக்க நீர்ப்பகுதிகளில் வலை கட்டும் உரிமையைச் சீட்டுக் குலுக்கி முறை வைத்துப் பகிர்ந்துகொள்வார்கள். ஓரிடம், ஒரு நாள், ஒருவர் முறை. அம்முறைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் உண்டு, அதனால் பூசல்களும் எழுந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பட்டியலில் இடம்பெற்றவர் எளியவராயினும் அவர் முறை வந்தே தீரும்.

இருப்புப்பாதையிலும் முறை உண்டு, வரிசைதான் வேறு. விரைவு வண்டிக்கும் பயணிகள் வண்டிக்கும் வழிவிட்டு, கூட்ஸ் லூப் லைனில் ஒதுங்கி நிற்கும். தில்லிக்கும் ஹவுராவுக்கும் செல்லும் இரு பெருந்தடங்களும் ஒன்றாகச் செல்லும் பாதை இது. நெரிசலுக்குக் கேட்க வேண்டுமா? 1980களில் ரயில்வே ஒரு முடிவுக்கு வந்தது. யார்டுகளில் பெட்டிகள் நாட்கணக்கில் தேங்குவதைத் தவிர்க்க, ஒரே சரக்கை ஒரே இடத்தில் ஏற்றி ஒரே இடத்தில் இறக்கும் முழு வண்டிகளே முதன்மை பெற்றன. ஐம்பத்தெட்டுப் பெட்டி நிலக்கரி வண்டியொன்று ஏறத்தாழ 3,500 டன்னுக்கு மேல் சுமக்கும். சில்லறைச் சரக்கும் ஒற்றைப் பெட்டியும் மெல்ல மெல்ல வழக்கொழிந்தன.

அம்முடிவில் நியாயம் இல்லை என்று கூறிவிட முடியாது. அனல்மின் நிலையத்திற்கு நிலக்கரி தடையின்றி வர வேண்டும். ஆனால் கருவாட்டு மூட்டையும் கிளிஞ்சல் சுண்ணாம்பும் வைத்திருப்பவர் 3,500 டன்னுக்கு எங்கே போவார்? பயணிகள் வண்டியின் பார்சல் பெட்டியும் சாலையில் ஓடும் லாரியுமே அவருக்கு மிஞ்சின. ஒழுகையும் படகும் சிறியவருக்காக நின்றன. பெரியதாகிவிட்ட வண்டி நிற்க மறந்துவிட்டது.

அது மீண்டும் நிற்கவே இயலாது என்பதில்லை. 2020இல் தொடங்கப்பட்ட கிசான் ரயில்களில் சிறு அளவு விளைபொருளையும் ஏற்றலாம், வழியிலும் ஏற்றி இறக்கலாம் என்று விதி செய்தார்கள். மனமிருந்தால் தடத்தில் சிறியவருக்கும் ஒரு முறை ஒதுக்க முடியும் என்பதற்கு அது சான்று.

மாணவரின் கேள்விக்கு இன்று நாம் தரக்கூடிய விடை இதுதான்: தம்பி, அந்த வண்டியில் உங்கள் ஊர்ச் சரக்கு இருந்திருக்க வாய்ப்பில்லை. உங்கள் ஏரியில் இன்றும் பாடு உண்டு. இந்தத் தடத்தில் உங்களுக்கான பாடு எப்போதோ பட்டியலிலிருந்து விடுபட்டுப் போயிற்று.