பள்ளிக்கூட வாசலும் திருநங்கையரும்: ஒரு வரலாற்று நோக்கு

திருநங்கையரின் வாழ்வைப் பற்றி எழுதுவோர், பள்ளிப்படிப்பு இடையில் நின்றது என்னும் செய்தியை ஒரு வரியிற் கூறிக் கடந்துவிடுவது வழக்கம். அது பெரும்பாலும் தனிமனித அவலமாகவோ சக மாணவரின் அறியாமையாகவோ விளக்கப்படுகிறது. அவ்விளக்கம் பிழையன்று, ஆயின் போதாதது. அப்பிள்ளையைப் பாடசாலை எவ்வாறு வெளியேற்றியது, வெளியேறியவள் எங்குச் சென்று சேர்ந்தாள், பின்னர் எத்தகைய வகுப்பறையில் அவளுக்கு இடம் கிடைத்தது ஆகிய வினாக்களை இணைத்து நோக்கும்போதே இதன் சமூக அடிப்படை புலனாகும்.

பிரித்தானிய இந்தியாவில் 1871ஆம் ஆண்டு இயற்றப்பட்ட குற்றப்பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி இங்குக் கவனத்துக்குரியது. குற்றஞ் செய்வோரெனச் சந்தேகிக்கப்பட்ட ஹிஜ்ராக்களின் பெயர்களைப் பதிவேட்டில் எழுத அது வகைசெய்தது. பதிவு செய்யப்பட்டவர் பொதுவிடத்தில் பெண்ணுடை அணிவதும் ஆடுவதும் தண்டனைக்குரியனவாயின. பதினாறு வயதுக்குட்பட்ட சிறுவனொருவனைத் தம் வீட்டில் வைத்திருந்தால் ஈராண்டு வரை சிறை. சிறுவர்க்குப் பாதுகாவலராகவும், மகவைத் தத்தெடுக்கவும், மரணசாசனம் எழுதவும் அவர்க்கு உரிமை மறுக்கப்பட்டது. 1911இல் இப்பகுதி நீக்கப்பட்டதாயினும், ஒரு தலைமுறை இன்னொரு தலைமுறைக்குத் தொழிலையும் உறவையும் கையளிக்கும் வழியையே குற்றமாக்கிய சட்டம் நாற்பதாண்டுகள் நடைமுறையிலிருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது. இச்சட்டம் வடமேற்கு மாகாணங்கள், பஞ்சாப், அவத் ஆகிய பகுதிகளை நோக்கியே இயற்றப்பட்டது. எனவே தமிழகத்து நிலைமை முழுவதையும் இதன்மேற் சுமத்துவது வரலாற்று நேர்மையாகாது.

தமிழகத்தைப் பொறுத்தவரை, நவீன பாடசாலையின் அமைப்பையே நாம் ஆராய்தல் வேண்டும். அலுவலகங்களுக்கு எழுதுவினைஞரையும் தொழிற்சாலைகளுக்கு ஒழுங்குக்குட்பட்ட உழைப்பாளரையும் உருவாக்க எழுந்த நிறுவனம் அது. பெயர்ப்பதிவு, சீருடை, ஆண்வரிசை, பெண்வரிசை, தனித்தனிக் கழிப்பறை ஆகியன அதன் நிர்வாக வசதிகள். பாடநூலில் எழுதப்படாத இப்பாடத்தில் தவறியவளுக்கு வேறெந்தப் பாடத்திலும் தேர்ச்சி பெறும் வாய்ப்பில்லை. தொல்காப்பியம் பேடியரின் பெயர்க்குத் தனி விகுதி வகுக்காவிடினும் அவரை உயர்திணைக்குள் வைத்துச் சொல்ல விதி கூறிற்று. பாடசாலை இடாப்பிலோ அந்த இலக்கண நெகிழ்ச்சிகூட இல்லை.

சாதியும் இதனோடு பின்னிக்கிடக்கிறது. தமிழகத்துத் தலித் திருநங்கையான கிரேஸ் பானு, பள்ளிப்பருவத்தில் ஏனைய மாணவர் வந்த பின்னர் வரவும் அவர்கள் போகுமுன்னர் போகவும் பணிக்கப்பட்டதாகக் கூறியுள்ளார். தீண்டாமையின் பழைய நேரக்கணக்கு இங்குப் பாடசாலை மணியோடு சேர்ந்துகொண்டது என்பதன்றி வேறென்ன சொல்வது?

வெளியேறியவளை ஏற்றது ஜமாத். குரு, சேலா, நானி என்னும் உறவுமுறையில் அவள் புதிய பெயரையும் தாயையும் பெற்றாள். இதனை இலட்சியபூர்வமாக நோக்கும் போக்கு நம் எழுத்தாளர் சிலரிடம் உண்டு. அங்கும் சேலாவின் உழைப்பில் ஒரு பங்கு குருவுக்குச் சென்றது; பிச்சையும் பாலியற்றொழிலுமே பெரும்பாலும் அவ்வுழைப்பாக இருந்தன. அடைக்கலமும் சுரண்டலும் ஒரே கூரையின்கீழ் இருந்தமை, வேறு கூரை இல்லாமையின் விளைவேயாகும்.

கல்வி கிடைத்தால் யாவும் தீரும் என்போருக்கு லிவிங் ஸ்மைல் வித்யாவின் 'நான் வித்யா' (2007) மறுமொழியாக அமைகிறது. மொழியியலில் முதுகலைப் பட்டம் பெற்ற அவர் புகைவண்டிகளிற் கைநீட்டி நின்றார். ஆண்பிள்ளையாக நின்று பெற்ற பட்டம், பெண்ணாக வாழத் துணிந்தவர்க்குச் சோறு போடவில்லை. அறிவன்று, சான்றிதழிலுள்ள பெயரே உழைப்புச் சந்தையின் வாயிற்காவலன் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இப்பின்னணியிலேயே 2016 டிசம்பர் 30ஆம் நாள் கொச்சியில் திறக்கப்பட்ட சஹஜ் பள்ளியை நோக்கவேண்டும். கவிஞர் விஜயராஜ மல்லிகா முதலிய திருநங்கையரின் முயற்சி அது. தொடக்கிவைத்தவர் தமிழகத்துக் கல்கி சுப்பிரமணியம். இடம் பத்துப்பேருக்கு, வந்தோர் சிறுமியரல்லர், பள்ளியை இடையில் விட்ட வளர்ந்தோர். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளுக்கு ஆயத்தப்படுத்துவதே நோக்கம். வீட்டுக்காரர் பலர் இடந்தர மறுத்தபின் கத்தோலிக்கக் கன்னியர் சபையொன்று கட்டடம் வழங்கியது. சமய நிறுவனங்களைப் பற்றிய நமது பொதுமுடிவுகளை இத்தகைய செய்திகள் சற்றே சங்கடப்படுத்துவது நல்லதே. தான் தெரிந்தெடுத்த பெயரால் ஆசிரியர் அழைக்க, ஒருத்தி முதன்முறையாக 'உள்ளேன்' என்று சொல்லக்கூடிய வகுப்பறை அது. வயதுவந்த பின்னரே அது வாய்த்தது என்பதில் அதன் பெருமையும் நமது வெட்கமும் ஒருங்கே உள்ளன.

எனினும் தனிப்பள்ளி வழியாகுமா? 2018 ஜூலையில் கேரள அரசு, பல்கலைக்கழகங்களிலும் இணைக்கப்பட்ட கல்லூரிகளிலும் ஒவ்வொரு பாடநெறிக்கும் இரு மேலதிக இடங்களை ஒதுக்கியது. பொதுவகுப்பறையினுள் இடங்கோரும் இவ்வழியே எமக்கு உவப்பானது. ஆனால் அவ்விடங்களுக்கு வருவதற்குப் பன்னிரண்டாம் வகுப்பைக் கடந்திருத்தல் வேண்டும். அங்கேதான் பிள்ளைகள் உதிர்கின்றனர். 2014 ஏப்ரல் 15ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தம் பாலைத் தாமே உணர்ந்து கூறும் உரிமையை ஏற்றது. 2019ஆம் ஆண்டுச் சட்டமோ அடையாளச் சான்றிதழுக்கு மாவட்ட நீதவானிடம் விண்ணப்பிக்கப் பணித்தது. வயதுவராத பிள்ளையாயின், விண்ணப்பிக்கவேண்டியவர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். மகளென அவளை ஏற்க மறுத்த அதே தந்தையின் கையெழுத்துக்காகவே பாடசாலை இடாப்பு காத்திருக்கவேண்டியதாயிற்று.