நதியின் மரணம் - ஒரு கேஸட்டில் மிஞ்சிய சாட்சி

டாகுமெண்டரி படம்னாலே சிவகாசிப் பக்கம் கொஞ்சம் முகம் சுளிப்பாங்க. காரணம் இருக்கு. 1990-ல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளில் வேலை பார்த்த சின்னப் பிள்ளைகளைக் கேமரா முன்னாடி பேச வைத்தது. தொழிலைக் கெடுக்க வந்த படம்னு இன்னும் நினைக்கிற அண்ணாச்சிமார் உண்டு. ஆனா அந்தப் பிள்ளைகளோட முகமும் குரலும் அந்தப் படத்தில்தான் தங்கியிருக்கு.

நான் சொல்ல வந்தது இன்னொரு படம். எங்க ஊர்லேர்ந்து கோவில்பட்டி வழியா ரெண்டு மணி நேரத்தில் போய்விடக்கூடிய திருநெல்வேலியில் நடந்த விஷயம்.

1999 ஜூலை 23. மாஞ்சோலை தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுப் போராடி, 600-க்கும் மேற்பட்டவர்கள் திருச்சி சிறையில் இருந்தார்கள். அவர்களை விடுதலை செய்யச் சொல்லி, கொக்கிரகுளத்தில் இருக்கும் கலெக்டர் ஆபீசுக்கு ஊர்வலம். புதிய தமிழகம் தலைவர் கிருஷ்ணசாமியோடு த.மா.கா., கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்களும் போனார்கள். கலெக்டர் ஆபீஸ் தாமிரபரணிக் கரையிலேயே இருக்கு. போலீஸ் தடியடி ஆரம்பித்ததும் ஓடுறதுக்கு இருந்த வழி ஆறுதான். 17 பேர் செத்தார்கள். அதில் இரண்டு பெண்கள், ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்று.

அந்தக் குழந்தை இருந்திருந்தா கிட்டத்தட்ட என் வயசு. இந்நேரம் ஏதாவது ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல அரியர் வெச்சு, க்ளியர் பண்ணி, சென்னையிலயோ பெங்களூர்லயோ ஷேர் ஆட்டோவுக்கு நின்னுக்கிட்டு இருந்திருக்கலாம்.

நீதிபதி மோகன் கமிஷன் விசாரித்தது. 11 பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்றது. மருத்துவக் கணக்கில் அது சரியாவே இருக்கட்டும். ஆனா 'மூழ்கினார்கள்' என்கிற வினைச்சொல்லுக்கு எழுவாய் செத்தவர்கள்தான். அவர்களை ஆற்றுக்குள் துரத்தியவர்கள் அந்த வாக்கியத்திலேயே இல்லை. கரைக்கு வர விடாமல் நின்றது யார்? வாக்கியத்துக்கு வெளியே நிற்கிற அந்த ஆளைக் காட்டத்தான் ஆர்.ஆர்.சீனிவாசனின் 'நதியின் மரணம்' தேவைப்பட்டது. நெல்லையில் காஞ்சனை திரைப்பட இயக்கம் நடத்தியவர் அவர். அன்றைக்கு எடுக்கப்பட்ட வீடியோ காட்சிகளும் உயிர் பிழைத்தவர்களின் வாய்மொழியும்தான் படமே. தண்ணிக்குள்ள தலை மட்டும் தெரிகிற ஆட்கள், கரையில் தடியோடு காக்கிச் சட்டைகள். பின்னணி இசையெல்லாம் இல்லாமலே வயிற்றைப் பிசையும்.

இதே மாதிரி இன்னொரு கமிஷன் 19 வருஷம் கழித்து, 2018 மே 22 தூத்துக்குடி ஸ்டெர்லைட் துப்பாக்கிச்சூட்டுக்கு உட்கார்ந்தது. 13 பேர் பலி. வேன் மேல் ஏறி நின்று குறிபார்த்த, சீருடை போடாத போலீஸ்காரர் அன்று சாயங்காலத்துக்குள் எல்லா செல்போனிலும் வந்துவிட்டார். மறுநாள் தூத்துக்குடி, நெல்லை, குமரி மாவட்டங்களில் இன்டர்நெட்டை வெட்டினார்கள். ஆனா வீடியோ அதுக்குள்ள ஊர் தாண்டிப் போயிருந்தது. 2022-ல் வெளியான அருணா ஜெகதீசன் கமிஷன் அறிக்கை போலீஸ் அதிகாரிகள் மேல் நடவடிக்கை எடுக்கச் சொன்னது. கமிஷன் மனசு மாறியதற்கு வீடியோதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். ஆனா பாத்தவன் எத்தனை பேர்ங்கறது ஒரு கணக்குதான்.

நம்ம ஆட்களுக்கு வழக்கமா ஒரு நம்பிக்கை உண்டு - நெட்டுல போட்டா அழியாதுன்னு. தொழில் முறையில் சொல்றேன், அழியும். 2009-ல் யாஹூ ஜியோசிட்டீஸை மூடினப்போ எத்தனை தமிழ்ப் பக்கங்கள் காணாமப் போச்சு? டிஸ்கி எழுத்துருவில் எழுதினதை இன்னைக்குத் திறந்தா கோழி கிண்டின மாதிரி இருக்கு. பழைய கேஸட் பூஞ்சை பிடிக்கும், விசிடி கீறும், யூடியூப் சேனல் ஒருநாள் இருக்காது.

இதில் ஈழத்து நண்பர்கள் நமக்கு முன்னோடி. 1981-ல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தில் சுமார் 97,000 நூல்கள். சோமீதரன் 2008-ல் 'எரியும் நினைவுகள்' எடுத்தார். 2005-ல் ஆரம்பித்த நூலகம் திட்டம் ஈழத்துப் புத்தகம், பத்திரிகை எல்லாவற்றையும் ஸ்கேன் பண்ணி ஏற்றிக்கொண்டே இருக்கிறது. பட்டியல் போட்டு, எண் கொடுத்து. நினைவுச் சின்னம்னா எனக்கு இந்த மாதிரிதான் வேணும், க்ரானைட் அப்புறம் வரட்டும்.

நம்ம பக்கம்? வருஷா வருஷம் ஜூலை 23 அன்று கட்சிக்காரர்கள் தாமிரபரணியில் பூ தூவுகிறார்கள், பூ ஆத்தோட போயிடுது. சிவகாசியில் அச்சடிக்கிற தினசரி காலண்டர்ல அன்னைக்கு ராகுகாலம், எமகண்டம், சந்திராஷ்டமம் எல்லாம் இருக்கும். நான் பார்த்ததில் இது மட்டும் இருந்ததில்லை. மாஞ்சோலையிலயும் 2024-ல் கம்பெனி தோட்டத்தை மூடி, தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்து மலையிலிருந்து இறங்கச் சொல்லிவிட்டது. அடுத்தடுத்த லைன் வீடுகளில் இருந்து ஒருத்தருக்கொருத்தர் அந்த நாளைச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இனி ஆளுக்கொரு ஊரில்.

அவங்ககிட்ட போய் உட்கார்ந்து, செல்போன்லயாவது பேச்சைப் பதிவு பண்ணணும். நெல்லைப் பக்கம் இருக்கிற யாராவது ஞாயித்துக்கிழமைகளில் வரத் தயாரா இருந்தா சொல்லுங்க. ரெண்டு ஹார்ட் டிஸ்க் என் செலவு.