வெள்ளை பெல்ட்டின் வயது

கராத்தே வகுப்புகளில் தவறாமல் சொல்லப்படும் ஒரு கதை உண்டு. அந்தக் காலத்தில் எல்லோரும் வெள்ளை பெல்ட்தான் கட்டுவார்களாம். அதைத் துவைக்கவே கூடாதாம். வருடக்கணக்கில் வியர்வையும் மண்ணும் ஏறி அது மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் கறுப்பாகிவிடுமாம். அதுதான் பிளாக் பெல்ட். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அப்படி ஒரு வழக்கம் இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. பெல்ட்டின் நிறத்தை முடிவு செய்தவர் ஒரு பல்கலைக்கழகப் பட்டதாரி. காலம் 1880கள். இங்கே பம்பாயில் காங்கிரஸ் தன் முதல் மாநாட்டைக் கூட்டியதும் அதே பத்தாண்டில்தான்.

போன வருடம், முப்பத்து நான்காவது வயதில், நான் ஒரு கராத்தே வகுப்பில் சேர்ந்தேன். பன்னிரண்டு வருடம் நாற்காலியில் உட்கார்ந்ததற்கு முதுகு பில் அனுப்பிவிட்டது, வேறு பெரிய லட்சியம் எதுவும் இல்லை. வேளச்சேரியில் ஒரு மொட்டை மாடி, வாரத்தில் மூன்று நாள், காலை ஆறு மணி. வரிசையின் கடைசியில் நான். எனக்கு முன்னால் நிற்பவர்கள் எல்லாருமே எட்டு, பத்து வயதுக்காரர்கள். "அங்கிள், கட்டைவிரல உள்ள வச்சு மடக்காதீங்க, குத்துனா ஒடஞ்சிரும்" என்று எனக்கு முதல் பாடம் எடுத்தவன் நாலாங்கிளாஸ் படிக்கிறான்.

வரிசை, வெள்ளை உடை, குனிந்து வணக்கம், "இச், நி, சான், ஷி" என்று எண்ணிக்கை, எண்ணுக்கு ஒரு குத்து. எல்லாம் ஆயிரக்கணக்கான வருடப் பாரம்பரியம் என்றார் மாஸ்டர். எனக்கு ஒரு வேலைப் பழக்கம் உண்டு. யாரோ எழுதிய கோடு கைக்கு வந்தால், இதை யார் எழுதினார்கள், எந்தத் தேவைக்காக எழுதினார்கள் என்று பழைய கமிட்களைத் தோண்டிப் பார்ப்பேன். அப்படித்தான் இந்த வரிசையின் வரலாற்றையும் படிக்க ஆரம்பித்தேன்.

*

கானோ ஜிகோரோ 1860இல் பிறந்தவர். குள்ளமான, ஒல்லியான பையன். பள்ளியில் பெரிய பையன்களிடம் அடி வாங்கியவர். பலம் இல்லாதவனும் பலசாலியை வீழ்த்த முடியும், அதற்கு ஜுஜுட்சு என்று ஒரு கலை இருக்கிறது என்று கேள்விப்படுகிறார். சரி, கற்றுத்தர யார் இருக்கிறார்கள்? 1868இல் மெய்ஜி ஆட்சி வந்ததும் சாமுராய்களின் சலுகைகள் ஒவ்வொன்றாகப் போயின. 1876இல் வாள் அணியும் உரிமையும் போயிற்று. பழைய சண்டைக் கலைகளுக்கு மதிப்பு இல்லை. அவருக்குத் தெரிந்த பெரியவர்களே, இந்தக் காலத்தில் அது எதுக்குப்பா என்றுதான் கேட்டார்கள். கானோ ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். ஜுஜுட்சு ஆசிரியர்களில் பலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் அவர் எலும்பு வைத்தியர்களைத் தேடிப் போனார். குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அடிக்கத் தெரிந்த கைதான் அங்கேயும் கட்டுப் போடும்.

அப்படி 1877இல் ஃபுகுடா ஹச்சினோசுகே என்ற ஆசிரியர் கிடைத்தார். முதல் நாட்களில் நடந்த ஒன்றைக் கானோவே பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். ஆசிரியர் அவரைத் தூக்கிப் போடுகிறார். கானோ எழுந்து, இதை எப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறார். வா என்று கூப்பிட்டு ஆசிரியர் மறுபடி தூக்கிப் போடுகிறார். கையை எங்கே வைக்க வேண்டும், காலை எங்கே வைக்க வேண்டும்? மறுபடி வீழ்ச்சி. கேட்டால் புரிந்துவிடுமா, பயிற்சியின் எண்ணிக்கையைக் கூட்டு, தானாக வரும் என்பதுதான் கிடைத்த பதில்.

தொடங்குபவன் என்று ஒருவன் இருக்கிறான், அவனுக்குத் தனியாக ஒரு வழி வேண்டும் என்ற எண்ணமே அந்தப் பழைய முறையில் இல்லை. பள்ளிகள் மாணவருக்குத் தந்தவை சுருள்கள், அதாவது தேர்ச்சி அனுமதிப் பத்திரங்கள். ஒரு சுருளுக்கும் அடுத்ததற்கும் இடையே பல வருடங்கள். அந்த இடைவெளியில் தான் எங்கே நிற்கிறோம் என்று மாணவனுக்குத் தெரியாது. பாதிப் பேர் அங்கேயே கழன்றுகொள்வார்கள்.

கானோ 1881இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். அடுத்த வருடம் எய்ஷோஜி என்ற புத்தக் கோயிலில் பன்னிரண்டு பாய் விரிக்கும் இடத்தில் கோடோகன் பள்ளியைத் தொடங்கினார். நம் ஊர் ஃபிளாட்டின் ஹால் அளவுதான் இருக்கும். 1883இல் இரண்டு மாணவர்களுக்கு 'ஷோடான்' என்ற முதல் தரத்தைக் கொடுத்தார். 'டான்' தரவரிசை ஏற்கெனவே கோ என்ற பலகை ஆட்டத்தில் இருந்ததுதான். சில வருடங்களில் தரம் பெற்றவர்கள் கறுப்பு பெல்ட் கட்ட ஆரம்பித்தார்கள். இடையில் வரும் மஞ்சள், பச்சை, நீலம் எல்லாம் இன்னும் பிந்தியவை. அவை ஐரோப்பாவின் ஜூடோ மன்றங்களில் தோன்றியவை. 1935இல் பாரிஸுக்கு வந்த கவாய்ஷி மிகினோசுகே அவற்றைப் பரவலாக்கினார். எங்கள் வகுப்புப் பையன் போன மாதம் பெற்றோர் கைதட்ட வாங்கிய மஞ்சள் பெல்ட்டுக்கு ஏறக்குறைய நூறு வயதுதான் இருக்கும்.

கானோ சேர்த்த இன்னொன்று இருக்கிறது. அவர் தொழிலால் ஆசிரியர், டோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்குப் பல ஆண்டுகள் முதல்வர். ஜூடோ கற்பிக்க அவர் வகுத்த வழிகள் நான்கு. கட்டா என்ற வடிவப் பயிற்சி, ரண்டோரி என்ற தளையற்ற பயிற்சிச் சண்டை, விரிவுரை, கடைசியாக 'மொண்டோ'. மொண்டோ என்றால் கேள்வி பதில். தூக்கிப் போடுவதையும் மூன்றாகப் பிரித்தார்: எதிராளியின் சமநிலையைக் குலைப்பது, தன்னைச் சரியான இடத்தில் பொருத்துவது, பிறகு வீசுவது. கையை எங்கே வைப்பது என்று கேட்டுக் கீழே விழுந்த பையன், அந்தக் கேள்வியைப் பாடத்திட்டத்திலேயே சேர்த்துவிட்டான்.

*

உடையும் பெல்ட்டும் கானோவிடமிருந்து வந்தவை. வரிசை வந்த வழி வேறு. அதற்கு ஒகினாவா போக வேண்டும்.

ரியூக்யூ என்ற தனி அரசாக இருந்த அந்தத் தீவை 1879இல் ஜப்பான் தன் மாகாணமாக்கிக்கொண்டது. சீனத் தொடர்புள்ள ஒரு கைச்சண்டைக் கலை அங்கே இருந்தது. பேரே 'சீனக் கை' என்ற பொருள் கொண்டது. அதை ரகசியமாகத்தான் கற்றார்கள். பின்னாளில் கராத்தேயை டோக்கியோவுக்குக் கொண்டுபோன ஃபுனகோஷி கிச்சின் தன் இளமையைப் பற்றி எழுதியிருக்கிறார். இரவில் விளக்கோடு ஆசிரியர் அசாட்டோவின் வீட்டுக்குப் போவார். பின்கட்டில் ஒரே கட்டாவை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் செய்துகொண்டிருப்பார். ஆசிரியருக்குத் திருப்தி வரும்வரை அடுத்தது கிடையாது. ஒரு ஆசிரியர், ஒன்றிரண்டு மாணவர்கள். அங்கே வரிசைக்குத் தேவையே இல்லை.

இதைப் பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர் ஃபுனகோஷியின் இன்னொரு ஆசிரியரான இட்டோசு அன்கோ. 1901இல் ஷூரி நகரத் தொடக்கப் பள்ளியில் கராத்தே பாடமானது. 1905இல் இட்டோசு அதே ஊரின் மாகாண முதல் நடுநிலைப் பள்ளியில் பகுதிநேர ஆசிரியர். ரகசியக் கலையை ஒரு பள்ளி மைதானத்துக்குப் பொருத்துவது பெரிய ரீடிசைன்தான். நீண்ட, சிக்கலான பழைய கட்டாக்களுக்கு முன்படியாக அவர் ஐந்து சிறிய கட்டாக்களை அமைத்தார். பெயர் 'பினான்'. ஃபுனகோஷி அவற்றுக்கு 'ஹெய்யான்' என்று பெயர் மாற்றினார். நான் மூன்று மாதமாகத் தடுமாறிக்கொண்டிருக்கும் ஹெய்யான் ஷோடான் அந்த ஐந்தில் ஒன்று. பள்ளிப் பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்ட கட்டா என்று தெரிந்தபோது, என்னைச் சுற்றி ஏன் இத்தனை நாலாங்கிளாஸ் பையன்கள் என்ற கேள்விக்கு விடை கிடைத்தது. இது அவர்கள் இடம், நான்தான் விருந்தாளி.

1908இல் இட்டோசு அரசுக்கு ஒரு கடிதம் எழுதினார், பத்து அறிவுரைகள் கொண்டது. கராத்தே கன்பூசியத்திலிருந்தோ பௌத்தத்திலிருந்தோ வந்ததல்ல என்றுதான் அதைத் தொடங்குகிறார்.

இந்த இடத்தில் தமிழர்களாகிய நாம் கொஞ்சம் நெளிவோம். 2011இல் வந்த 'ஏழாம் அறிவு' பார்த்த தலைமுறை இது. காஞ்சிபுரத்து போதிதர்மர் சீனாவுக்குப் போய் ஷாவோலினில் சண்டை கற்றுக்கொடுத்தார், அதுவே குங்ஃபூ, அதுவே கராத்தே என்பது நம் வகுப்புகளில் அசைக்க முடியாத பாடம். போதிதர்மரைப் பற்றிய ஆறாம் நூற்றாண்டுச் சீனக் குறிப்புகளில் ஒன்று அவரைத் தென்னிந்தியர் என்கிறது, இன்னொன்று பாரசீகர் என்கிறது. இரண்டிலும் தியானம் உண்டு, குத்து கிடையாது. அவர் பெயரோடு உடற்பயிற்சியை இணைக்கும் நூல் ஆயிரம் வருடம் கழித்து, 17ஆம் நூற்றாண்டில் வந்தது. அதன் முன்னுரைகள் போலியானவை என்று 1930களிலேயே சீன வரலாற்றாய்வாளர் டாங் ஹாவ் காட்டிவிட்டார். பெருமைப்பட நமக்குச் சிலம்பம் இருக்கிறது. இன்னொருவரின் கடின உழைப்பில் நம் பெயரைப் போட்டுக்கொள்ள அவசியம் இல்லை.

இட்டோசுவின் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம் வேறு. சிறு வயதிலிருந்தே பிள்ளைகளைக் கராத்தேயில் பழக்கினால் அவர்கள் ராணுவச் சேவைக்குப் பொருத்தமாக வளர்வார்கள் என்கிறார் அவர். நெப்போலியனை வென்ற வெலிங்டனைத் துணைக்கு அழைத்து, போரின் வெற்றி பள்ளி மைதானத்தில் தொடங்குகிறது என்று வாதாடுகிறார். ஒகினாவாவில் 1898இலிருந்தே கட்டாய ராணுவச் சேவை நடைமுறையில் இருந்தது. ஷூரியின் ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் கராத்தே கற்பித்த யாபு கென்ட்சு, ஜப்பானிய ராணுவத்தில் இருந்தவர். எண்ணிக்கைக்கு ஒரு அசைவு, நேரான வரிசை, கட்டளை, பதிலுக்கு ஒரே குரலில் முழக்கம் எல்லாம் ஜப்பானியப் பள்ளிகளுக்கு ராணுவ டிரில்லிலிருந்து வந்தவை. ஒருவர் நூறு பேருக்குக் கற்பிக்க அதைவிடத் திறமையான வழியும் அப்போது இல்லை.

1936இல் ஒகினாவா ஆசிரியர்கள் நாஹாவில் கூடி, 'சீனக் கை' என்பதை விட்டு 'வெறுங்கை' என்று எழுதுவதை ஏற்றார்கள். உச்சரிப்பு ஒன்றுதான், எழுத்து வேறு. அடுத்த வருடம் ஜப்பான் சீனாவோடு முழுப் போரில் இறங்கியது. 1945இல் போர் ஒகினாவாவுக்கே வந்தது. நடுநிலைப் பள்ளி மாணவர்களும் ஆசிரியர் பயிற்சி மாணவர்களும் 'இரும்பும் ரத்தமும்' என்று பெயரிட்ட மாணவர் படைகளில் சேர்க்கப்பட்டார்கள். பதினான்கு வயதுப் பையன்களும் இருந்தார்கள். இட்டோசு கற்பித்த முதல் நடுநிலைப் பள்ளியிலும் படை அமைந்தது, யாபு கற்பித்த ஆசிரியர் பயிற்சிப் பள்ளியிலும் அமைந்தது. நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. கராத்தே அவர்களைக் கொன்றது என்று சொல்வது அபத்தம். இட்டோசு 1915இலேயே இறந்துவிட்டார், அவர் எதைக் கற்பனை செய்தார் என்று நாம் சொல்ல முடியாது. ஆனால் கேள்வி கேட்காமல் எண்ணிக்கைக்கு அசையும் உடல்களைப் பள்ளியில் தயாரித்தால், அந்த எண்ணிக்கையை யார் சொல்லப்போகிறார்கள் என்பது பள்ளியின் கையில் இல்லை.

*

எங்கள் வகுப்பில் ஒரு பையன் கேட்டான்: "மாஸ்டர், ஒரு கையால குத்தும்போது இன்னொரு கைய எதுக்கு இடுப்புக்கு இழுக்கணும்? அப்போ மூஞ்சிய யாரு காப்பாத்துவா?" பாக்ஸிங் பார்க்கிற பையன், நியாயமான கேள்வி. "கிளாஸ்ல கேள்வி கேக்கக்கூடாது. அம்பது புஷ்-அப்" என்றார் மாஸ்டர். பையன் இருபத்து ஏழு வரை போனான், பிறகு கை நடுங்கிப் படுத்துவிட்டான்.

வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு, அதே கேள்வியை நான் அவரிடம் கேட்டேன். என்னைப் புஷ்-அப் எடுக்கச் சொல்ல முடியாது, வயது அவரைவிட இரண்டு கூட. கொஞ்ச நேரம் பேசாமல் பெல்ட்டை மடித்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துத் தன் இடுப்புக்கு ஒரே இழு இழுத்தார். நான் முன்னால் சரிய, அவருடைய மற்ற முஷ்டி என் தாடைக்கு ஒரு விரல் தூரத்தில் நின்றது. "வெறும் கைய இழுக்கல சார். அவனப் புடிச்சு இழுக்கறோம். என் மாஸ்டர் எனக்குச் சொல்லல. பத்து வருஷம் கழிச்சு நானா கண்டுபுடிச்சேன்."

"இத அந்தப் பையனுக்குச் சொல்லலாமே மாஸ்டர்?"

"சொன்னா ஆளுக்கு ஒரு கேள்வி கேப்பானுங்க சார். அப்புறம் லைன் நிக்காது."

அவர் கெட்டவர் இல்லை. தனக்கு வந்ததை அப்படியே தருகிறார். பெல்ட் வந்தது, வரிசை வந்தது, எண்ணிக்கை வந்தது. நான்கில் ஒன்றாகக் கானோ வைத்த கேள்வி பதில் மட்டும் வேளச்சேரி வரை வந்து சேரவில்லை. ஆனால் அதுவும் இந்தப் பாரம்பரியத்தின் பகுதிதான், பெல்ட் அளவுக்கே பழையது. வரிசையைக் குறை சொல்லவும் எனக்கு மனம் இல்லை. அது இல்லையென்றால் இந்தக் கலை அசாட்டோவின் பின்கட்டிலேயே இருந்திருக்கும், முதுகுவலிக்காரனுக்குக் கதவு திறந்திருக்காது. கதவைத் திறந்த அதே ஏற்பாடு வாயை மூடவும் பழக்கியது. புதிதாகச் சேர்கிறவர்கள் இரண்டையும் தெரிந்துகொண்டு சேரலாம்.

1922இல் ஃபுனகோஷி ஒரு கண்காட்சிக்காக டோக்கியோ வந்தார். கானோ அவரைக் கோடோகனுக்கு அழைத்துக் கராத்தேயைச் செய்துகாட்டச் சொன்னார். அப்போது கானோவுக்கு 61 வயது, ஜப்பானின் மிகப் பெயர்பெற்ற ஆசிரியர், ஒலிம்பிக் கமிட்டியின் முதல் ஆசிய உறுப்பினர். ஃபுனகோஷி 53 வயதுத் தீவுக்காரர், மாணவர் விடுதியில் அறை கூட்டிப் பெருக்கிப் பிழைக்கப்போகிறவர். செய்துகாட்டியது முடிந்ததும் கானோ அவரிடம் விசாரித்தார். எல்லா கட்டாக்களையும் கற்க எவ்வளவு காலம் ஆகும்? ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றார் ஃபுனகோஷி. அவ்வளவு நாள் உங்களைப் பிடித்துவைக்க முடியாது, இரண்டு மூன்றாவது எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்றார், உலகத்துக்கே பெல்ட் கட்டிவிட்டவர்.