மருதையாற்றுப் பாலமும் ஒரு மந்திரியும்

அரியலூரினின்று திருச்சிராப்பள்ளிக்கு இரயிலிற் செல்வோர் கல்லகத்திற்கு முன்னர் மருதையாற்றைக் கடப்பர். பெரம்பலூர்ப் பக்கத்து மேட்டு நிலங்களிற் பெய்யும் மழையே அதற்கு நீர். ஆண்டிற் பெரும்பகுதி மணலும் முட்செடியுமே கண்ணிற்படும். இச்சிற்றாறு இந்திய அரசின் மந்திரி ஒருவரைப் பதவியினின்றும் இறக்கியதென்பதை எம் மாணாக்கருட் பலர் அறியாமை கண்டு இதனை வரையத் துணிந்தோம்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னை எழும்பூரினின்று புறப்பட்ட தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், மறுநாள் வைகறையில் அரியலூரைக் கடந்தது. பெருமழையால் ஆறு பெருகிப் பாலத்தையடுத்த கரையை அரித்திருந்தது. எஞ்சினும் அதனைத் தொடர்ந்த வண்டிகளும் வெள்ளத்தில் வீழ, 140 பேருக்கு மேல் மாண்டனர். அந்நாளில் இவ்வூர் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. பின்னர் 2007-இல் அரியலூர் மாவட்டம் மீண்டும் அமைக்கப்பெற்றதும் இதே நவம்பர் 23-ஆம் நாளே. இவ்வொற்றுமையை நினைப்பார் அரியர்.

அப்போது இரயில்வே மந்திரியாயிருந்தவர் லால் பகதூர் சாஸ்திரியார். 1904-இல் முகல்சராயிற் பிறந்தவர். ஸ்ரீவாஸ்தவ என்னும் குலப்பெயரை இளமையிலேயே களைந்தவர். 'சாஸ்திரி' என்பது காசி வித்தியாபீடம் அளித்த பட்டமேயன்றிச் சாதிப் பெயரன்று. சாதிச் சங்கத்தின் ஏட்டில் இதனை எழுதுதல் சிலர்க்கு உவப்பாகாது. எனினும் மறைத்தல் தகாது. ஐக்கிய மாகாணத்திற் போலீஸ், போக்குவரத்து இலாகாக்களை நடத்தியபின், 1952-இல் நேருவின் மந்திரி சபையில் இரயில்வே பொறுப்பேற்றார்.

அரியலூர் விபத்திற்கு மூன்று திங்கள் முன்னரே, மகபூப்நகரருகில் மற்றொரு பாலம் இடிந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அப்போதே சாஸ்திரியார் பதவி விலக முன்வந்தார், நேரு இசையவில்லை. அரியலூர்ச் செய்திக்குப் பின் மீண்டும் விலகல் கடிதம் அளித்தார். இம்முறை ஏற்ற நேரு, சாஸ்திரியார் குற்றமுடையரென்று அன்று, அரசியல் ஒழுங்கிற்கு முன்மாதிரியாகவே ஏற்பதாகப் பார்லிமெண்டில் விளக்கினார்.

'இராஜிநாமா' என்னுஞ் சொல் பாரசீக வழி வந்தது. திருக்குறளில் அமைச்சு முதலாகப் பத்து அதிகாரங்கள் இருந்தும், அமைச்சன் பதவி துறத்தற்கென ஓரதிகாரம் இல்லை. முடிமன்னர் காலத்து அமைச்சன் அரசனுக்கே விடைகூறக் கடவன். ஆற்றில் மாண்ட மூன்றாம் வகுப்புப் பிரயாணிக்கு விடைகூறுதல் குடியாட்சியிற் பிறந்த கடமை.

சிலர் மறுத்துரைப்பர்: ஐந்து திங்கள் கழியுமுன், 1957 தேர்தலின்பின், அவர் மீண்டும் மந்திரியானாரே; இத்துறவால் மாண்டார்க்கு யாது பயன் என்று. மாண்டார்க்குப் பயனில்லை என்பது மெய்யே. ஆயினும் விலகிய நாளில் மீண்டும் அழைக்கப்படுவோமென்னும் உறுதி அவர்க்கு ஏது? ஆதலின் அதனை நாடகமென்றல் எமக்கு உடன்பாடன்று.

துணை மந்திரியாயிருந்தவர் நம் நாட்டு ஓ. வி. அழகேசனார். எதிர்க்கட்சியார் மேடைதோறும் அரியலூரைச் சொல்லி அவரைச் சாடினர். 1957-இற் செங்கற்பட்டில் அவர் தோற்றார். சாஸ்திரியாரோ வர்த்தகம், உள்நாடு ஆகிய இலாகாக்களை வகித்து, 1963-இற் காமராசர் திட்டத்தின்படி இரண்டாம் முறை பதவி துறந்தார். மறு ஆண்டே, காங்கிரசுத் தலைவராயிருந்த அதே காமராசரின் முயற்சியாற் பிரதம மந்திரியானார்.

1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்பால் தமிழ்நாடு கொந்தளித்தபோது, மத்திய மந்திரிகளாயிருந்த சி. சுப்பிரமணியமும் அழகேசனாரும் தம் விலகல் கடிதங்களைச் சாஸ்திரியாரிடமே அளித்தனர். ஒருகால் தாம் எழுதியதைப் போன்ற கடிதம், தம் பழைய துணைவரிடமிருந்தே அவர் கைக்கு வந்தது. ஆங்கிலம் பற்றிய நேருவின் உறுதிமொழிகள் காக்கப்படுமென அவர் வானொலியில் அறிவித்தார். கடிதங்களிரண்டும் பின்னர்த் திரும்பப் பெறப்பட்டன.